அருவியில் எட்டு சென்டிமீட்டர்

நவம்பர் 10

அன்பு மனைவிக்கு,

கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் அழைத்தபோது நீ தொலைபேசியை எடுத்தாய், ஆனால் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. என் அறைக்கும் அருவிக்கும் இடையே நாற்பது மீட்டர்தான். ஆகவே எழுதுகிறேன்.

அக்டோபர் 25 அன்று நடந்ததை, நடந்த வரிசையிலேயே சொல்ல விரும்புகிறேன். அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் பாதையைத் திறப்பதும் மூடுவதும் என் பணி என்பது உனக்குத் தெரியும். எதைக் கொண்டு முடிவு செய்கிறேன் என்பதை இந்த மூன்று ஆண்டுகளில் நான் உனக்குச் சொன்னதில்லை. ஆறு பாறையிலிருந்து விழுவதற்கு முன்னூறு மீட்டர் மேலே, தண்ணீரில் ஓர் இரும்பு அளவுக்கம்பம் நடப்பட்டிருக்கிறது. அதில் தண்ணீர் அறுபது சென்டிமீட்டரைத் தொட்டால், விசில் ஊதிக் கீழே இருப்பவர்களை மேலே ஏற்றிவிட்டு, பாதையின் குறுக்கே சங்கிலி போட வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு அளவு அறுபத்து நான்கு. நீயும் உன் தையல் கூடத் தோழிகளுமாகப் பதின்மூன்று பேர் வேனிலிருந்து இறங்கியது பத்து இருபதுக்கு.

நீ ஐந்து நிமிடம் கேட்டாய். "நான் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றும் சொன்னாய். உன் தோழிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அறுபத்து நான்கில் ஒருவரை இறக்கிவிடுகிறவன் அறுபத்தெட்டிலும் இறக்கிவிடுவான். எழுபதில் ஒருநாள் யாரோ ஒருவர் மேலே ஏறி வரமாட்டார். இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பதின்மூன்று பேர் முன்னிலையில் எனக்குச் சொற்கள் அகப்படவில்லை.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். வேனில் ஏறும்போது, "உங்களுக்கு நானும் ஒண்ணுதான், ரோட்டுல போறவளும் ஒண்ணுதான்" என்றாய். சங்கிலியைப் பொறுத்தவரை அது உண்மை. மற்றபடி அல்ல.

உன் கணவன்

*

நவம்பர் 19

என்னங்க,

கடிதம் கிடைத்தது. இது எனக்கு எழுதியதா, இல்லை உங்கள் மேலதிகாரிக்குப் போக வேண்டியது தப்பி வந்துவிட்டதா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது.

நடந்ததை நடந்த வரிசையில் நானும் எழுதுகிறேன். இரண்டு வருடமாகத் தையல் கூடத்தில் நான் பெருமை அடித்துக்கொண்டது முதலாவது. "என் வீட்டுக்காரர்தான் அந்த அருவிக்கே பொறுப்பு. ஒருநாள் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன், ராணி மாதிரி இறங்கலாம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கட்டிங் மாஸ்டர் தன் மச்சானிடம் கெஞ்சி வேன் வாங்கித் தந்தது இரண்டாவது. ஆறு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வந்தது மூன்றாவது. நான்காவது, உங்கள் முகம். அந்த முகத்தைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, சங்கிலிக்கு அந்தப் பக்கம் தபால் பெட்டி மாதிரி நின்றீர்கள்.

திரும்பி வரும்போது வேனில் ஒரு மணி நேரம் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தோம். அப்புறம் காஜா மெஷினில் பட்டன் துளை தைக்கும் அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஏன்டி, உன் வீட்டுக்காரருக்கு உன்னை அடையாளம் தெரியும்தானே? இல்ல, ஏதாவது கார்டு காட்டியிருக்கணுமா?" வேனே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? இப்போது தையல் கூடத்தில் யாராவது முன்னதாகக் கிளம்பப் பையைத் தூக்கினால்கூட, "போகக் கூடாது! அறுபத்து நாலு!" என்று கத்துகிறார்கள்.

சங்கிலியைப் பற்றி எனக்குக் கோபமில்லை. சரி, இருக்கிறது, ஆனால் அது ஆறிவிடும். ஆறாதது வேறு. இவ்வளவு தூரம் வந்தவர்களிடம், "வாங்க, உட்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்ல உங்களுக்கு யாருடைய உத்தரவு வேண்டும்?

இன்னொரு சேதி. நம் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் நல்ல சம்பளம்தான். ஊர்தான் எட்டாத தூரம். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளி. அவள் போவதற்குள் இரண்டு மாதமாவது நாம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாற்றல் கேளுங்கள். மூன்று வருடம் முடிந்துவிட்டது, கேட்டால் தருவார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை மட்டும் செய்யுங்கள், சங்கிலியை மறக்க முயற்சி செய்கிறேன். முயற்சிதான். வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி

*

டிசம்பர் 2

அன்பு மனைவிக்கு,

மாற்றல் விண்ணப்பத்தை நேற்று மூன்று படிகளாக அனுப்பிவிட்டேன். மகளிடம் என் வாழ்த்தைச் சொல். தனியாக அவளுக்கும் எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றாய். அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். அதைச் சொல்ல எந்த உத்தரவும் தேவையில்லை. உத்தரவு இல்லாத இடத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை, உண்மை அதுதான்.

இங்கே ஒரு தொல்லை. பாதை தொடங்கும் இடத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவரை உனக்கு நினைவிருக்கலாம். பாதை மூடிய நாட்களில் அவர் கடையில் கூட்டம் இராது. சங்கிலி போடும்போதெல்லாம், "சார், இன்னைக்கும் அருவிக்கு லீவா? எனக்கும் அந்த மாதிரி ஒரு வேலை வாங்கிக் கொடுங்களேன்" என்பார். அதுவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது தலைமை அலுவலகத்துக்கு மனு அனுப்பியிருக்கிறார். சென்ற ஆண்டு வெள்ளத்தில் பழைய கம்பம் அடித்துச் செல்லப்பட்ட பின் நான் நட்டுவைத்த புதிய கம்பம் தப்பாகக் காட்டுகிறதாம். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரைப் பார்க்கிறாராம். எந்தப் பாறை எப்போது நனையும் என்று அவருக்குத் தெரியுமாம்.

அலுவலகம் என் விளக்கத்தைக் கேட்டது. கம்பம் உத்தரவில் கண்டபடி முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிமெண்டில் புதைக்கப்பட்டது என்றும், நாள்தோறும் மூன்று முறை அளவு எடுக்கப்படுகிறது என்றும், மனுவில் கண்டது ஆதாரமற்றது என்றும் ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன்.

உன் கணவன்

*

டிசம்பர் 15

என்னங்க,

விண்ணப்பம் போட்டதற்கு நன்றி. மகள் உங்கள் கடிதத்தை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள். "அப்பா எனக்குத் தனியா எழுதியிருக்கார், நீ உன்னுதைப் படி" என்கிறாள். அப்படி என்னதான் எழுதினீர்கள்?

அந்த டீக்கடைக்காரர் விஷயம். அன்று வேன் கிளம்பும்போது ஓடி வந்து பதின்மூன்று பேருக்கும் டீ கொடுத்தவர் அவர்தானே? வேண்டாம் என்றோம். "அக்கா, சார் மேல எனக்கும் கோபம்தான், அதுக்காக நீங்க வாய் வறண்டு போகலாமா?" என்றார். பத்தொன்பது வருடம் ஒரே தண்ணீரைப் பார்த்தவர் சொன்னால் ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் என்ன தப்பு? எங்கள் கட்டிங் மாஸ்டர் டேப் வைத்து அளக்கிறார். காஜா அக்கா கண்ணாலேயே பார்த்து, "அரை இஞ்ச் குறையுது மாஸ்டர்" என்பார். பாதி நேரம் அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும்.

எனக்கு எதுவும் தெரியாது. தோன்றியதை எழுதினேன்.

உங்கள் வீட்டுக்காரி

*

பிப்ரவரி 3

அன்பு மனைவிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. மார்ச் 31 அன்று இங்கே பொறுப்பை ஒப்படைக்கிறேன். ஏப்ரல் 2 காலை வீட்டில் இருப்பேன். மகள் வேலையில் சேர்வதற்கு அறுபது நாட்கள் மீதமிருக்கும். மேசையின் ஆடும் காலைத் தச்சரிடம் கொடுக்காதே. வந்து நானே சரிசெய்கிறேன்.

தேநீர்க் கடைக்காரரின் மனு தள்ளுபடியானது. அத்தோடு நில்லாமல், பொய்யான புகாரால் பணியாளருக்குத் தொல்லை கொடுத்தார் என்று சொல்லி, கடைக்கான அனுமதியை அலுவலகம் புதுப்பிக்க மறுத்துவிட்டது. நான் அதைக் கேட்கவில்லை. என் விளக்கத்தில் 'ஆதாரமற்றது' என்று மட்டுமே எழுதியிருந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அவர் பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். நான் போய் அருகில் நின்றேன். "என்ன சார், இதையும் எழுதி வைக்கணுமா? எழுதிக்கோங்க: பெரிய கெட்டில் ஒண்ணு, சின்னது ரெண்டு, கிளாஸ் நாப்பது, அதுல விரிசல் விட்டது மூணு" என்றார். குரலில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை. உதவட்டுமா என்று கேட்டேன். "சங்கிலியைப் பார்த்துக்கோங்க சார், அது போதும்" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பூட்டிய கடையைக் கடந்து போகும்போது பாதையின் மறு ஓரமாக நடக்கிறேன்.

உன் கணவன்

*

மார்ச் 9

அன்பு மனைவிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

பொறுப்பு ஒப்படைப்புக்காகப் பட்டியல் தயாரித்து வருகிறேன். சங்கிலி ஒன்று, மிதவை வளையம் ஆறு, விசில் இரண்டு. அளவுக்கம்பத்துக்கு எதிரே 'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினால் போதும். யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. சரிபார்க்காத ஒன்றை நல்ல நிலையில் இருப்பதாக எழுத எனக்குக் கை வரவில்லை. கரைப் பாறையில், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ உளியால் வெட்டிவைத்த ஒரு கோடு இருக்க வேண்டும் என்று பழைய கோப்பு சொல்கிறது. கம்பத்தின் பூஜ்யம் அந்தக் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாறை முழுவதும் பாசியும் சேறும் மூடிக்கிடந்தது. மூன்று நாட்கள் கம்பித் தூரிகையால் தேய்த்து, நேற்று கோட்டைக் கண்டுபிடித்தேன். கம்பத்தை நட்ட அதே கொத்தனாரை அழைத்து, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்த்தோம்.

பூஜ்யம், கோட்டுக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அதாவது, கம்பம் எப்போதும் எட்டு கூடுதலாகக் காட்டியிருக்கிறது.

கொத்தனார் டியூபைச் சுருட்டத் தொடங்கினார். நான் வற்புறுத்தியபின் சொன்னார்: "அன்னைக்கே சொன்னேனே சார், எட்டுக் கோடு சிமெண்டுக்குள்ள போகுதுன்னு. நீங்க பேப்பரைக் காட்டினீங்க." உண்மை. காட்டினேன். 'முப்பது சென்டிமீட்டர் புதைக்க' என்றது உத்தரவு. அது பழைய வகைக் கம்பத்துக்கு எழுதப்பட்டது. அதன் அடியில் கோடு போடாத பகுதி முப்பது இருந்திருக்கும். புதிய கம்பத்தில் அது இருபத்திரண்டுதான். கோடுகள் சிமெண்டுக்குள் மறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, காகிதத்தில் இருந்த எண்ணைக் கொண்டு அவர் வாயை மூடினேன்.

பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன். காரணமில்லாமல் பாதையை மூடிய நாட்கள் நாற்பத்து மூன்று. அக்டோபர் 25 அவற்றுள் ஒன்று. அன்று உண்மையான அளவு ஐம்பத்தாறு. நீங்கள் பதின்மூன்று பேரும் இறங்கியிருக்கலாம். பாதை திறந்திருக்க வேண்டிய நாள் அது.

இனி நான் எழுதப்போவதை என்னிடமிருந்து நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். இதை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் விசாரணை வரும். விசாரணை நிலுவையில் இருக்கும்போது மாற்றல் நிறுத்திவைக்கப்படும். அப்படியானால் மகள் புறப்படும் நாளில் நான் இங்கே இருப்பேன். தெரிவிக்காவிட்டால், கொத்தனாரும் நானும் ஒரே பிற்பகலில் கம்பத்தை உயர்த்தி நட்டுவிடலாம். பதிவேட்டில் 'பராமரிப்பு' என்று ஒரு சொல் போதும். நாளை முதல் அளவு சரியாக இருக்கும். தவறு பாதுகாப்பான பக்கத்தில்தான் நேர்ந்திருக்கிறது. யார் உயிருக்கும் கேடில்லை.

தேநீர்க் கடைக்காரரைப் பற்றியும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின், சில மாதங்கள் கழித்து, அவருக்காக அலுவலகத்துக்கு ஒரு பரிந்துரை எழுதலாம்.

மகளுக்காக இப்படிச் செய்வதென்று ஏறத்தாழ முடிவு செய்திருக்கிறேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். உன் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வேன்.

உன் கணவன்

*

மார்ச் 13

என்னங்க,

இந்த இருபத்தாறு வருடத்தில் நான் எப்போது மௌனமாகச் சம்மதித்திருக்கிறேன்? சம்மதம் என்றாலும் சத்தமாகத்தானே சொல்வேன்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே. அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். உலகத்தில் வேறு எந்த ஆளும் மாற்றலாகிப் போகும் நேரத்தில் கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் பாறையைத் தேய்த்திருக்க மாட்டான். உங்களை மாட்டிவிட உங்களைத் தவிர வேறு ஆள் தேவையே இல்லை. அப்புறம் ஐம்பத்தாறு என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். அழுகை வந்தது. அப்புறம்தான் கோபம்.

தனியாகப் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன். பிறகு மகளிடம் கொடுத்தேன், ஏனென்றால் அவள் பெயரைச் சொல்லித்தான் இதைச் செய்யப்போகிறீர்கள். அவள் படித்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்டாள். "வராது, அதனாலதான் கையெழுத்து இப்படிக் கோணியிருக்கு" என்றேன். "அறுபது நாளும் அப்பா மேசையில தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு இருப்பார். எனக்கு அந்த அப்பா வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு மட்டும் நீங்கள் வர வேண்டும் என்று ஆசை இல்லையா? காலண்டரில் ஏப்ரல் இரண்டைச் சுற்றி மூன்று வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

சில மாதம் கழித்துப் பரிந்துரை எழுதுவீர்களாம்! அந்த மனிதர் சில மாதம் எங்கே கெட்டிலை வைப்பார்? உங்கள் தலையிலா?

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று வேனில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் ஒன்று சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் தலை கனத்துவிடும் என்று. "அந்த மனுஷன் கல்லுதான். ஆனா யாரையும் ஏமாத்த மாட்டார். அவர் அறுபத்து நாலுன்னா அது அறுபத்து நாலுதான்" என்றேன். காஜா அக்காகூட, "அது சரிதான்டி" என்றார். இத்தனை மாதமாக அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் அவர்கள் கேலியை எல்லாம் தாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எண் தப்பாகப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அளவு யாருக்கும் தப்பும். போன வருடம் முனை தேய்ந்த டேப்பை வைத்து நாற்பது சீருடை வெட்டினோம், அத்தனையிலும் சட்டைக் கை குட்டையாகிவிட்டது. மாஸ்டரிடம் போய் நான்தான் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரிந்த பிறகும் நீங்கள் மறைத்தால், வேனில் நான் சொன்னது பொய். எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

எழுதிப் போடுங்கள். அப்புறம் அந்த டீக்கடைக்காரர் வீட்டுக்கு நேரில் போங்கள். காகிதம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மேசைக் காலைத் தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி

*

ஏப்ரல் 9

அன்பு மனைவிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே, மார்ச் 17 அன்று, அறிக்கை அனுப்பினேன். நான்கு பக்கங்கள். கொத்தனார் எச்சரித்ததையும் நான் செவிமடுக்காததையும் மூன்றாம் பக்கத்தில் குறித்தேன்.

முடிவு நேற்று வந்தது. மாற்றல் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. மே மாதம் முழுவதும் நான் அளவுப் பணியிலிருந்து விலக்கப்படுகிறேன். வேறொரு பணியாளர் பார்ப்பார். அந்த மாதத்தில் நான் இந்த இடத்தை விட்டு வெளியேறவும் கூடாது. தேநீர்க் கடைக்கான அனுமதி திரும்ப வழங்கப்படுகிறது. கம்பம் உயர்த்தி நடப்பட்டுவிட்டது.

கடைக்காரர் வீட்டுக்குக் காகிதம் இல்லாமல் போனேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன்: "நீங்க சொன்னதுதான் சரி. கம்பம் எட்டு சென்டிமீட்டர் தப்பு. தப்பு என்னோடது." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "எட்டா?" என்றார். "நான் ஏழுன்னுல்ல சார் நினைச்சேன்!"

அவர் மனைவி உள்ளிருந்து, "வந்தவரை உட்காரச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்தேன். தேநீர் தரவில்லை. தராமல் இருக்கக் கடைக்காரருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நான் எழுந்தபோது, கடையை மறுபடி திறக்க எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மகளின் அறுபது நாட்கள் போய்விட்டன. அதற்கு நான் எதையும் ஈடாகத் தர இயலாது. ஆயினும் ஒன்று கேட்கிறேன். மே மாதத்தில் எனக்கு வேலை இல்லை. என்னால் வர முடியாது. உங்களால் வர முடியும். இன்னொன்றும் உண்டு, அதை எழுதச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நான் இந்த அருவியின் அடியில் இதுவரை நின்றதில்லை. பாதை திறந்திருக்கும்போது நான் கம்பத்தருகே இருந்தாக வேண்டும். மூடியிருக்கும்போது யாரும் இறங்கக் கூடாது. அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம். மேலிருந்து அதன் முதுகைத்தான் மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை. உங்கள் இருவரோடும் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

உன் கணவன்

*

ஜூன் 8

என்னங்க,

மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அறை சின்னதாம், ஜன்னல் பெரியதாம். உங்களுக்கும் எழுதியிருப்பாள்.

தையல் கூடத்தில் தினமும் என்னை, மே மாதம் நாங்கள் வந்து போன அருவிக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. உங்களுக்கும் எழுதுகிறேன், நீங்கள் கூடவே இருந்தீர்கள்தான், ஆனால் உங்கள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே.

டிக்கெட் கதைக்குத்தான் அதிகச் சிரிப்பு. அந்தப் புதுப் பணியாளர், "சார், உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? போங்க சார்" என்று கும்பிடாத குறையாகச் சொல்கிறார். நீங்கள் வரிசையில் கடைசியில் போய் நின்று, மூன்று டிக்கெட் வாங்கி, அதையும் கிழித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டீர்கள். "கூட வந்தது அப்பாவா, ஆடிட்டரா?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

படியில் இறங்க இறங்கப் பேச்சே கேட்காமல் போனது. கடைசித் திருப்பத்தில் காற்று முதலில் வந்தது, ஈரமாக, யாரோ முகத்துக்கு நேரே கதவைத் திறந்த மாதிரி. அப்புறம் அது. என் தொழிலை வைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும்: மேலே யாரோ வெள்ளைத் துணிக் கட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே இருக்கிறார்கள், கீழே வந்து சேர்வதற்குள் அது நூல் நூலாகப் பிரிந்துவிடுகிறது, ஆனாலும் துணி தீரவே இல்லை. மகள் ஏதோ கத்தினாள். நான் ஏதோ கத்தினேன். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேட்டி முழுக்க நனைய, வாயைத் திறந்துகொண்டு நின்றீர்கள். ஐம்பது வயசு ஆள்!

அப்புறம் விசில் ஊதினார்கள். எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். நீங்கள்தான் முதலில் ஓடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நகரவில்லை. விசில் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள், மறுபடி தண்ணீரைப் பார்த்தீர்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தீர்கள். இதைச் சொன்னபோது காஜா அக்கா சிரிக்கவில்லை. "பாவம்டி, அவருக்கும் ஆசை இருந்திருக்கு" என்றார்.

மேலே வந்தால், அப்போதுதான் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய ஒரு குடும்பம் சங்கிலிக்கு வெளியே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. புதுப் பணியாளர் விழித்துக்கொண்டு நின்றார். நீங்கள் சொட்டச் சொட்ட அவர்களிடம் போனீர்கள். என்ன சொன்னீர்களோ தெரியாது. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். கடைக்காரர் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கேட்காமலே உங்கள் கையிலும் ஒரு கிளாஸ் வைத்தார். அதைக் குடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நான் ஒருத்தி, மேசையில் ஒரு தட்டு. உங்கள் அறையிலும் ஒரு தட்டுதான். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. கட்டிங் மாஸ்டரிடம் பேசிவிட்டேன். வெட்டிய துணியை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்புகிறாராம், தைத்துத் திருப்பி அனுப்பினால் போதுமாம். மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே வந்துவிடட்டுமா? உங்கள் குடியிருப்பில் மனைவி தங்கக் கூடாது என்று ஏதாவது விதி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொல்லாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

ஜூன் 14

அன்பு மனைவிக்கு,

பணியாளர் குடியிருப்பு விதிகளை மூன்று முறை படித்தேன். மனைவி தங்குவதற்குத் தடை ஏதும் இல்லை. தையல் இயந்திரத்தைப் பற்றி விதிகளில் ஒன்றுமே இல்லை. எதுவும் சொல்லப்படாத இடத்தில், இருக்கலாம் என்றே பொருள் கொண்டிருக்கிறேன்.

கிழக்கு ஜன்னலுக்கு அடியில் இருந்த என் எழுதுமேசையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டேன். காலை ஏழு முதல் பதினொன்று வரை அங்கே நல்ல வெளிச்சம் விழுகிறது. இங்கே ஈரம் அதிகம், ஊசிகள் துருப்பிடிக்கும். எண்ணெய்க் குப்பி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சத்தம் உனக்கு முதல் வாரத்தில் தொல்லையாக இருக்கும். பிறகு பழகிவிடும். நீ பேசுவது எனக்குக் கேட்காது என்று கவலைப்படாதே. கேட்காத இடத்தில் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

அந்தக் குடும்பத்திடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. "நானும் இப்பதான் பாதியில ஏறி வந்தேன். எனக்கும் மனசு வரலை" என்றேன். அவர்கள் உடனே அடங்கிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளாக விதியை எடுத்துச் சொன்னபோது ஒருவரும் அப்படி அடங்கியதில்லை.

பேருந்து ஜூன் 21 பகல் இரண்டே காலுக்கு வரும். உன்னோடு மூட்டையும் இயந்திரமும் இருக்கும் என்பதால் அரை நாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். இந்தப் பணியில் சேர்ந்த பிறகு நான் கேட்ட முதல் விடுப்பு இது. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் அதில் 'சொந்த வேலை' என்று எழுதுவதே வழக்கம். பேனாவை எடுத்த பின் சற்று நேரம் யோசித்தேன். அந்தச் சொற்கள் துல்லியமாக இல்லை என்று தோன்றியது. 'என் மனைவி வருகிறாள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அனுமதித்துக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

உன் கணவன்